மா, மா, மா: ஒரு ஆங்கிலம்–தாய் சொற்புத்தகத்தோடு சில வருடங்கள்

பைண்டிங் போட்டு வந்த புத்தகத்தை ஸ்டேட்டஸில் வைத்ததுதான் வினை. அடுத்த மாதம் பாங்காக்கில் வேலைக்குச் சேரப்போகும் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "இது வாங்கலாமா சார்? இப்ப விலையும் குறைச்சிருக்காங்க போல." வாங்குங்கள், வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லில் பேச என்னால் ஆகாது. அவ்வளவு பிடிக்கும், அவ்வளவு எரிச்சலும் உண்டு.

பெயர் சொல்லப் போவதில்லை. நான் இருக்கும் தாய்லாந்தில், புத்தகக் கடைகளில் ஆங்கிலம் கற்கிறவர்களுக்கான அலமாரிக்குப் போனால் இந்த வகை நிறையக் கிடைக்கும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்து ஆளைக் குழப்பும் ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாகப் போட்டு, பொருள், பிறந்த கதை, தாய் மொழியில் அதற்கான சொல், அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் வாசிக்கும் விதம் என்று நெடுக்கில் நாலு பத்தி. (தாய் மொழி என்று எழுதும்போதெல்லாம் அது தாய்மொழி ஆகிவிடுகிறது, கண்டுகொள்ளாதீர்கள்.) பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அதற்காக வாங்கியது, தாய் கற்றுக்கொள்ளவும் இதுதான் என்று ஆகிப்போனது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும்.

பிறந்த கதைப் பத்தி அருமை. ஸ்டேஷனரி என்று தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசிக்குக் கிட்டே ஏ போட்டால் நின்ற இடத்தில் நிற்பது, ஈ போட்டால் காகிதம் பேனா. எந்த வாத்தியாரும் இதுவரை சொல்லிக்கொடுப்பார். இந்தப் புத்தகம் இரண்டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை என்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் தெருத்தெருவாகச் சுமந்து விற்றவர்கள் நடுவே, பல்கலைக்கழகத்துப் பக்கத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவன் ஸ்டேஷனர். அவன் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. இதைச் சொல்லிவிட்டால் அந்த ஜோடியை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. பக்கத்தில் தாய்ச் சொற்கள்: நிற்பதற்கு 'யூ கப் தீ', இடத்தோடு இரு. மற்றதற்கு 'க்ருவங் கியன்', எழுதும் சாமான். குழப்பத்துக்கே வழியில்லை.

டெசர்ட் ஜோடியும் அப்படித்தான். ஒரு எஸ் போட்டால் பாலைவனம், கைவிடுவது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டு எஸ் போட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்பு, மேசையில் பரிமாறியதை எடுத்துச் சுத்தம் செய்வது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. தாயில் முதலாவது 'தலே சாய்', மணல் கடல். இரண்டாவது 'கொங் வான்', இனிப்புப் பண்டம், அவ்வளவுதான்.

மாவும் பூவும் (ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஃப்ளவர் என்றே உச்சரிப்பு) ஒரு காலத்தில் ஒரே சொல். கோதுமையின் பூ, அதாவது அரைத்ததில் மிகச் சிறந்த பகுதி என்றுதான் மாவுக்கு அந்தப் பெயர். 1755இல் வந்த ஜான்சனின் ஆங்கில அகராதிகூட இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. தாயில் மாவு 'பேங்'. முகத்துக்குப் போடும் பவுடரும் அதே பேங். கேக் செய்யக் கடைக்கு அனுப்பும் பிள்ளையிடம் எந்த பேங் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

பிரின்சிபல் பக்கத்தில்தான் எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் காதலே வந்தது. பள்ளித் தலைமை, கொள்கை, கடனின் அசல் மூன்றையும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் 'க்ரூ யாய்', பெரிய குரு. குரு நம் குருவேதான். அசல் 'ஙேன் தொன்', பணத்தின் அடிமரம். வட்டி 'டோக் பியா'. டோக் என்றால் பூ, பியா என்றால் சோழி. சோழிதான் சில்லறைக் காசாகப் புழங்கிய காலத்தின் மிச்சம். அசலும் வட்டியுமாகக் கட்டு என்பதை இன்றைக்கும் 'தொன்'னும் 'டோக்'குமாகக் கட்டு என்கிறார்கள், அடியோடும் பூவோடும். கடன்காரன் வாயில் இவ்வளவு அழகான பேச்சா என்று அன்றைக்கு முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு இன்னொரு வசதி உண்டு, புத்தகம் போட்டவர்கள் அதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். சமஸ்கிருதமும் பாலியும் தாய்க்குள் நிறையப் போயிருக்கின்றன. ஆனால் போன இடத்தில் வாய் மாறிவிட்டது. நடுவில் உயிரெழுத்து எழுதப்படாமல் இரண்டு மெய் நின்றால் தாய் வாய் அங்கே பெரும்பாலும் ஒரு ஒகரத்தைப் போட்டுக்கொள்ளும், கடைசியில் வரும் ல, ர எல்லாம் ன் ஆகிவிடும். நகரம் 'நக்கொன்' ஆனது இப்படித்தான். எழுத்தில் நந்தபுரி, வாயில் நொந்தபுரி, முதல் மாதச் சம்பளம் வரும்வரை எனக்குப் பொருத்தமான பெயர். ஆங்கிலத்தில் ஏ போட்டும் ஈ போட்டும் மாணவர்களைக் கொல்லும் அஃபெக்ட், எஃபெக்ட் பக்கத்தில் விளைவுக்கு 'பொன்' என்று போட்டிருக்கும். தங்கம் இல்லை, பலன். கவுன்சில் என்றால் 'சபா', நம் சபை. தீவு பக்கத்தில் ஐல், ஐலண்ட் இரண்டுக்கும் 'கோ' என்றுதான் இருக்கிறது. (ஐலண்டில் இருக்கும் எஸ் பழைய ஆங்கிலத்தில் இல்லை, லத்தீன் வழி வந்த ஐலைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒட்டவைத்தது. சொந்தமே இல்லாத இரண்டு சொற்கள்.) நம் தீவுக்கு மூலமான த்வீபம் இங்கே 'தவீப்' ஆகிக் கண்டத்தைக் குறிக்கிறது. ஆசியா ஒரு தவீப், ஆப்பிரிக்கா ஒரு தவீப். நாம் தீவில் நிறுத்திக்கொண்டோம், இவர்கள் பெரிதாக யோசித்துவிட்டார்கள்.

எவல்யூஷன், ரெவல்யூஷன் ஜோடியில் இரண்டாவதற்கு 'பதிவத்' என்று இருக்கும். அதை உருவாக்கியவர் தாய்லாந்து இளவரசர் வான் வைத்தயகொன். 1956இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை வகித்தவர். மேல்நாட்டுச் சொற்களை அப்படியே உள்ளே விடாமல் பாலி, சமஸ்கிருத வேர்களிலிருந்து புதுச்சொல் வார்த்துக் கொடுத்தவர். நம் ஊர் கலைச்சொல் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நன்றாகப் பொழுது போகும்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

நாலாவது பத்தி. ஆங்கில எழுத்தில் வாசிக்கும் விதம். அட்டையிலேயே, வெளிநாட்டவரும் பயன்படுத்தலாம் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு சொல்லுக்குக்கூடத் தொனி குறிக்கவில்லை. தொனி என்றால் சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம், தாயில் அது ஐந்து: சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். தொனி மாறினால் பொருளே மாறிவிடும். ஹார்ஸ் ஜோடியைப் பாருங்கள், ஒன்று குதிரை, ஒன்று கரகரத்த குரல். குதிரைக்குப் பக்கத்தில் 'மா'. வேறொரு பக்கத்தில் நாய், அங்கேயும் 'மா'. வா என்பதற்கும் 'மா'. (சங்கப் பாட்டில் மா என்றால் குதிரை உண்டுதான், அதை வைத்துக்கொண்டு சம்பந்தம் தேடிப் போகாதீர்கள்.) ஷர்ட், ஸ்கர்ட் இரண்டும் ஒரே வேர், ஒன்று பழைய ஆங்கிலம் வழி, மற்றது வட ஐரோப்பியர் வழி என்று அற்புதமாகச் சொல்லிவிட்டுச் சட்டைக்கு 'சுவா' என்கிறது. பாய்க்கும் 'சுவா'. புலிக்கும் 'சுவா'. மரம், புதிது, இல்லை, பட்டு, எரிந்துபோனது எல்லாம் 'மாய்'. பின்னால் சொல்லகராதி ஒன்று இருக்கிறது, ஆங்கில எழுத்து வரிசையில் தாய்ச் சொற்கள். அதில் 'காவ்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு வரி, எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி: சோறு, வெள்ளை, செய்தி, முழங்கால், மலை, உள்ளே போ. எதிரே பக்க எண் மட்டும் வேறு.

யோசித்துப் பாருங்கள். ஒரே மாதிரி தெரியும் சொற்களைப் பிரித்துக்காட்டத்தான் இந்தப் புத்தகமே. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு அரைப் பக்கம் கதை சொல்கிறவர்கள், எழுத்திலும் தொனியிலும் தெளிவாக வேறுபடும் தாய்ச் சொற்களைப் பிடித்து ஒரே அச்சில் வார்த்து வைத்திருக்கிறார்கள். உச்சக்கட்டம் நியர், ஃபார். பக்கம் என்பது 'க்ளை', தூரம் என்பதும் 'க்ளை'. முதலாவதில் குரல் மேலிருந்து இறங்கும், இரண்டாவதில் சமமாகப் போகும். புத்தகத்தில் இரண்டும் ஒன்றே. இதை மனப்பாடம் செய்துகொண்டு தெருமுனையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரரிடம் ரயில் நிலையம் தூரமா என்று கேட்டால், பக்கமா என்று கேட்டதாக அவர் காதில் விழலாம். அவர் 'க்ளை' என்று பதில் சொல்வார். நடப்பதா வண்டியில் ஏறுவதா?

நியாயமாகவும் பேச வேண்டும். இது இவர்கள் கண்டுபிடித்த முறை இல்லை. அரசின் ரோமன் எழுத்து முறையே தொனியையும் குறில் நெடிலையும் காட்டாது. 1999இல் திருத்தியபோதும் அப்படியே விட்டார்கள். வகுத்தது ராஜபண்டித சபை, பெயரைத் தாயில் 'ராச்சபந்தித்தயசபா' என்பார்கள். சாலைப் பலகைக்கும் வரைபடத்துக்கும் ஊர்ப்பெயர் எழுத அது போதும். பலகையில் ஊர்ப்பெயர் பார்க்கிறவன் தொனியைத் தேடப் போவதில்லை. பாடப்புத்தகத்துக்கு அது எப்படிப் போதும்? சொல்லின் தலையில் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு சின்ன எண் போட்டிருந்தால் முடிந்தது. தாய் எழுத்திலேயே தொனிக்குறிகள் இருக்கின்றன, பெயர்கூட எக், தோ, த்ரீ, சத்தவா. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சமஸ்கிருதத்தில் எண்ணத் தெரிந்த எவருக்கும் புரியும்.

தாய் எழுத்தைப் படித்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். படித்தேன். அப்போதுதான் அடுத்த கடுப்பு. தாய்ப் பத்தியை எவ்வளவு பொடி எழுத்தில், எவ்வளவு வெளிறிய மையில் அச்சடித்திருக்கிறார்கள் என்றால், மெய்யின் தலையில் நிற்கும் எக் குறி (ஒரு சின்னக் குத்துக்கோடு) பல பக்கங்களில் விழவே இல்லை. அந்தக் கோடு போனால் பாய் புலி ஆகிவிடும். மிகைப்படுத்தவில்லை, இரண்டுக்கும் எழுத்தில் அந்த ஒரு கோடுதான் வித்தியாசம்.

அதனால் நானே பென்சிலால் அம்பு போட ஆரம்பித்தேன். ஏறுவதற்கு மேல் அம்பு, இறங்குவதற்குக் கீழ் அம்பு, பக்கத்தில் தமிழில் பொருள். ஆசிரியர் அறையில் தாய்க்காரச் சகாக்களை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டது. முதுகு விட்டுப்போய்த் தாள் உதிர ஆரம்பித்ததும் பள்ளிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். முதுகை வெட்டிப் பசை ஊற்றிக் கெட்டியாகத்தான் போட்டார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் இடதுபக்கத் தாள்களில் இந்த நாலாவது பத்தி மடிப்பை ஒட்டி இருக்கிறது. என் அம்புகளில் பாதி இப்போது பசைக்குள். புத்தகத்தை வளைத்துப் பிடித்து எட்டிப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாமல் அம்பின் வால் மட்டும் தெரிகிறது. ஒழுங்காக ஓரம் விட்டு அச்சடித்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, தொனியை அவர்களே போட்டிருந்தால் அம்புக்கே வேலை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வகுப்புக்கு இதைத்தான் எடுத்துப் போகிறேன். போன பருவத்தில் ஒரு பெண் கட்டுரையில், தான் இறாலிடம் தோற்றுவிட்டதாக எழுதியிருந்தாள். ஓ ஒன்றா இரண்டா என்று குழம்பும் லூஸ் ஜோடியை அன்றைக்குத்தான் நடத்தியிருந்தேன், எழுத்தைச் சரியாகப் போட்டிருந்தாள், இறால்தான் புரியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் தோற்பது 'பே', அதன் கீழேயே பொடி எழுத்தில், ஒவ்வாமைக்கும் இதே சொல். 'பே குங்', இறாலிடம் தோற்றேன், அதாவது இறால் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது. இந்த மாதிரி ஒரு குறிப்பை யோசித்துப் போட்ட ஆள், தொனியை மட்டும் ஏன் விட்டார் என்பதுதான் என் ஆற்றாமை.

தாள் சுமார், விலை முன்பு அதிகம், இப்போது பரவாயில்லை. போன் செயலிகள் உச்சரித்தே காட்டும், ஆனால் வட்டி ஏன் சோழிப்பூ என்று சொல்லாது.

நண்பரே, வாங்காதீர்கள். வந்து இறங்கியதும் வழி கேட்கவும் சோறு கேட்கவும் வேண்டிய ஆளுக்கு இது ஆகாது. ஒருவேளை கடையில் புதுப் பதிப்பு கண்ணில் பட்டால் பின்பக்க அகராதியில் அந்த ஆறு 'காவ்' வரிகளை மட்டும் பாருங்கள். தலையில் ஏதாவது குறி இருந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள், பணம் வந்ததும் தந்துவிடுகிறேன்.