ஹாமக்கில் ஸ்லீப்பிங் பேட்: சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

வர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரில், குறிப்பாக ஷெனாண்டோவா தேசியப் பூங்காவிலும் அதையொட்டிய காடுகளிலும், கூடாரத்துக்குப் பதிலாக, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையான ஹாமக்கில் இரவு தங்குவதைச் சில ஆண்டுகளாகவே வழக்கமாக வைத்திருக்கிறேன். அப்பலாச்சியன் நெடும்பாதை செல்லும் இந்தப் பகுதியில் தரை பெரும்பாலும் கல்லும் வேரும் சரிவுமாகவே இருப்பதால், கூடாரம் அடிக்கச் சமதளம் தேடி அலைவதைவிட உறுதியான இரண்டு மரங்களைக் கண்டுபிடிப்பது எளிது. படுக்கவும் சுகமாக இருக்கிறது. ஆனால் காற்றின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதுமே முதுகு குளிர ஆரம்பித்துவிடும். அக்டோபர் மாத இரவுகளில் அந்தக் குளிர் தூங்கவே விடாது.

காரணம் எளிமையானது. உள்ளே நுழைந்து படுக்கும் உறக்கப்பையான ஸ்லீப்பிங் பேக்கின் இறகோ பஞ்சோ உப்பியிருந்து, தனக்குள் காற்றை அசையாமல் பிடித்து வைத்திருக்கும்போதுதான் கதகதப்பைத் தருகிறது. நாம் அதன்மேல் படுத்ததும் முதுகுக்குக் கீழுள்ள பகுதி நசுங்கித் தாள்போல ஆகிவிடுகிறது. தரையில் படுத்தால் கீழே மண்ணாவது இருக்கும். ஹாமக்கிலோ மெல்லிய நைலான் துணிக்கு அடியில் காற்று இரவு முழுவதும் ஓடிக்கொண்டே இருப்பதால், உடலின் சூட்டை அது ஓயாமல் வாரிக்கொண்டு போகிறது. இதற்குப் பெரும்பாலோர் பரிந்துரைப்பது, ஹாமக்கின் வெளிப்புறத்தில் அடியில் தொங்கவிடும் அண்டர்குவில்ட் என்ற மெத்தைப் போர்வையைத்தான். நான் பெரும்பாலான இரவுகளில் பயன்படுத்தி வந்திருப்பது தரையில் விரிக்கும் சாதாரண ஸ்லீப்பிங் பேட். பேட் ஹாமக்குக்கு ஒத்துவராது என்று பலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதனுடைய உண்மையான குறை கதகதப்பில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. அந்தக் குறையைக் கையாலேயே சரிசெய்துகொள்ள முடியும்.

பேட்டின் வெப்பத் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற சோதனைமுறையைப் பல நிறுவனங்கள் பின்பற்றத் தொடங்கிய பிறகு, வெவ்வேறு நிறுவனங்களின் பேட்டுகளை ஒப்பிடுவது எளிதாகியிருக்கிறது. மடித்து எடுத்துச் செல்லும் ஃபோம் பேட்டுகளில் பரவலாக அறியப்பட்ட தெர்மரெஸ்ட் இசட் லைட் சோலுக்கு இந்த மதிப்பு 2.0, அதே நிறுவனத்தின் காற்றடைக்கும் நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டிக்கு 4.5. ஹாமக்குக்காக வாங்குபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனையில் பேட்டைச் சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவே வைத்து அளக்கிறார்கள். இரண்டு தட்டுகளுமே தட்டையானவை. ஹாமக்கில் உடலின் எந்தப் பக்கமும் தட்டையாகக் கிடப்பதில்லை. தூளியில் கிடக்கும் குழந்தையைச் சேலை இருபுறமும் அணைத்துக்கொள்வதுபோல, துணி நம் தோள்களையும் மேற்கைகளையும் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கிறது. அங்கேயும் ஸ்லீப்பிங் பேக் நசுங்குகிறது, ஆனால் வழக்கமான 51 சென்டிமீட்டர் அகலப் பேட் அங்கே எட்டுவதில்லை. முதுகு கதகதப்பாக இருக்க, தோள் இரண்டும் விறைத்துப்போகும். இந்த நிலையில் ஆர் மதிப்பு கூடிய பேட்டை வாங்கினாலும் பயனில்லை, ஏனென்றால் குளிரும் இடத்தில் பேட்டே இல்லை.

இதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய ஃபோம் தாளை வாங்கி, சுமார் 60 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமுமாக இரண்டு துண்டுகள் வெட்டி, அவற்றைப் பேட்டின் இருபுறமும் தோள் வரும் உயரத்தில் இறக்கைபோல இணைத்திருக்கிறேன். தைத்து இணைக்கவில்லை, ஃபோமின் ஓரத்தில் துளையிட்டு நூலை இழுத்தால், அது ஈரமான காகிதம்போல் கிழிந்து வந்துவிடுகிறது. அதனால் முழுப் பேட்டையும் சுற்றி வரும்படி இரண்டு எலாஸ்டிக் பட்டைகளைப் போட்டு, இறக்கைத் துண்டுகளை அவற்றுக்குள் செருகிவிடுகிறேன். காலையில் உருவி எடுத்துச் சுருட்டிக்கொள்ளலாம்; எடையும் சொல்லும்படி இல்லை. வெட்டி ஒட்டும் வேலையில் விருப்பமில்லாதவர்கள் 63 அல்லது 64 சென்டிமீட்டர் அகலத்தில் விற்கும் பேட்டை வாங்கிக்கொள்வது நல்லது. கனத்தைக் கூட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தை அகலத்துக்குச் செலவழியுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை.

அடுத்த தொல்லை, வழுக்குவது. நைலான்மேல் பேட், பேட்மேல் நைலான் ஸ்லீப்பிங் பேக் என்று எல்லாமே வழுவழுப்பாக இருப்பதால், புரண்டு படுக்கும்போதெல்லாம் பேட் ஒரு பக்கமாக நழுவி, விடியற்காலையில் உடல் ஒரு பக்கமும் பேட் ஒரு பக்கமுமாகக் கிடக்கும். இரட்டைத் துணி கொண்ட ஹாமக்கில் பேட்டை இரு துணிகளுக்கும் நடுவே செருகிவிடலாம் என்பதால் இந்தத் தொல்லை ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்ந்துவிடுகிறது. பேட் பயன்படுத்தப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டவர்கள் ஹாமக் வாங்கும்போதே இரட்டைத் துணி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒற்றைத் துணி ஹாமக்கில், பேட்டின் அடிப்பக்கத்தில் சிலிக்கான் பசையைச் சிறு சிறு பொட்டுகளாக வைத்து உலரவிட்டால் ஓரளவுக்குப் பிடிப்புக் கிடைக்கிறது.

படுக்கும் முறையும் பேட்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஹாமக்கில் நேர்க்கோட்டில் படுத்தால் உடல் வாழைப்பழம்போல் வளையும். சற்றுக் குறுக்காக, தலை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமுமாகப் படுத்தால்தான் முதுகு ஏறக்குறைய தட்டையாக அமையும். ஆகவே பேட்டையும் அந்தக் கோணத்திலேயே விரிக்க வேண்டும். ஹாமக்கை மரத்தோடு இணைக்கும் பட்டைகள் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்கும்படி ஹாமக்கைத் தொய்வாகக் கட்டுவது இதற்கு அவசியம். இறுக்கிக் கட்டினால் துணியின் ஓரங்கள் விறைத்து, பேட் நடுவில் குவிந்து மடங்குகிறது. ஹாமக்கின் நீளத்தில் 83 விழுக்காடு நீளமுள்ள ஒரு கயிற்றை அதன் இரு முனைகளுக்கும் இடையே மேலே கட்டிக்கொண்டால் இந்தத் தொய்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமையும். 335 சென்டிமீட்டர் ஹாமக்குக்கு அது சுமார் 278 சென்டிமீட்டர். பூங்காவில் சாம்பல் மரங்கள், அதாவது ஆஷ் மரங்கள், பூச்சித் தாக்குதலால் பெருமளவில் பட்டுப்போய் நிற்பதால், கட்டும் முன் மரம் உயிரோடிருக்கிறதா, தலைக்கு மேலே பட்ட கிளை ஏதும் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொள்வது பேட்டைவிட முக்கியம்.

காற்றடைக்கும் பேட்டையும் இதே ஹாமக்கில் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். முழுவதும் ஊதி விறைப்பாக வைத்தால் அது படகுபோல மிதந்து ஆடும். புரளும்போது கவிழ்த்துவிடுமோ என்ற பயம் தூக்கத்தைக் கெடுக்கும். பாதிக்குச் சற்று மேலாக மட்டும் காற்று நிரப்பி, படுத்துப் பார்த்து, இடுப்பு அடித்துணியைத் தொடாத அளவுக்குக் காற்றைத் திறந்துவிட்டுச் சரிசெய்தால், துணியின் வளைவோடு அதுவும் வளைந்து கொடுக்கிறது. இரவு குளிரக் குளிர உள்ளிருக்கும் காற்று சுருங்கும் என்பதால் மாலையில் ஒரு மூச்சு கூடுதலாகவே ஊதிவிடுவேன். வால்வு தலைப்பக்கம் வரும்படி விரித்தால், எழுந்து உட்காராமலே கையை நீட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

காலையில் பேட்டின் மேற்புறம் ஈரமாக இருப்பதைக் கண்டு பலர் பனியென்றோ மழை ஒழுகியதென்றோ நினைப்பதுண்டு. அது நம் உடலிலிருந்து வெளியேறிய ஈரம்தான். ஃபோமும் காற்றுப் பேட்டும் ஆவியை ஊடுருவ விடாததால், அந்த ஈரம் போக வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு துணியால் துடைத்துவிட்டு, ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்புறத்தை வெளியே திருப்பி அரை மணி நேரம் வெயிலில் போட்டால் போதும். இறகு நிரப்பிய பேக் என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆவியை வெளியே விடும் அண்டர்குவில்ட் இந்த விஷயத்தில் பேட்டைவிடத் தெளிவாகவே மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேட்டின் பக்கம் பேச வேண்டியவையும் இருக்கின்றன. கோடையில், குளிரே இல்லாத ஜூலை மாத இரவுகளிலும் நான் மெல்லிய ஃபோம் பேட்டை விடுவதில்லை, ஏனென்றால் ஒற்றைத் துணி ஹாமக்கில் கொசு அடியிலிருந்து துணியை ஊடுருவிக் கடிக்கும்; மேலே எவ்வளவு நல்ல வலை கட்டியிருந்தாலும் அடியிலிருந்து வரும் கடியை அது தடுக்காது, பேட் தடுக்கிறது. இன்னொன்று, மரமே இல்லாத இடங்கள். 1,746 மீட்டர் உயரத்தோடு வர்ஜீனியாவின் மிக உயர்ந்த சிகரமான மவுண்ட் ராஜர்ஸைச் சுற்றிப் பரந்த புல்வெளி மேடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வெளியில் இருட்டிவிட்டால் ஹாமக் கட்ட வழியில்லை. பேட் இருந்தால் தரையில் விரித்து மேலே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உறங்கிவிடலாம். அண்டர்குவில்ட் மட்டும் இருந்தால் அது தரையில் நம் எடைக்கு நசுங்கி, ஒன்றுக்கும் உதவாது. விலையிலும் பெரிய வேறுபாடு உண்டு. நல்ல இறகு அண்டர்குவில்ட்டுக்கு 200 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் நிலையில், ஃபோம் பேட் அதில் சிறு பங்குக்கே கிடைத்துவிடுகிறது. ஹாமக் தனக்குச் சரிப்படுமா என்றே தெரியாத புதியவரை முதல் நாளே அண்டர்குவில்ட் வாங்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எந்தக் குளிர்வரை பேட் தாங்கும் என்று கேட்டால், என் உடலுக்கு, இறக்கை இணைத்த ஃபோம் பேட் 7 அல்லது 8 டிகிரிவரை நிம்மதியாகத் தூங்க விடுகிறது. அதற்குக் கீழே, உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கு, ஃபோமின் மேல் காற்றுப் பேட்டையும் வைத்துப் படுத்திருக்கிறேன். கதகதப்பு இருந்தது, ஆனால் இரண்டையும் ஹாமக்குக்குள் நேராக வைத்திருப்பது பெரும்பாடு. குளிர்காலத்தில் அடிக்கடி போகிறவர்கள் அந்தக் கட்டத்தில் அண்டர்குவில்ட்டுக்கு மாறிக்கொள்வதே நல்லது.

உழைப்பைப் பொறுத்தவரை ஃபோம் பேட்டுக்கு இருப்பது ஒரே சேதம்தான்: உட்காரும் இடத்திலும் இடுப்பு அழுந்தும் இடத்திலும் மேடுகள் தட்டையாகி, அங்கே மட்டும் கனம் குறைந்துவிடுகிறது. நான் அவ்வப்போது தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் மாற்றிப்போட்டு, வீட்டில் இருக்கும்போது மடித்துக் கட்டாமல் கட்டிலுக்கு அடியில் விரித்தே வைக்கிறேன். இடுப்புப் பகுதி விரலால் அழுத்தினால் அடித்துணி தட்டுப்படும் அளவுக்கு மெலியும்போது வேறு வாங்க வேண்டும். அடுத்ததாக வாங்கப்போவது மடிப்புப் பேட் அல்ல, அகலமான ஃபோம் சுருளை வாங்கித் தோளிடத்தில் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் நானே வெட்டிக்கொள்ளப் போகிறேன்.