சின்ன ஜாக்குக்கு எந்த சால்டரிங் அயர்ன், எந்த டிப்?

இயர்போன் முனையில் இருக்கும் 3.5 மி.மீ. ஜாக்கில் ஈயம் உருக்கி வயர் வைக்க, அயர்னுக்கு ஊசிமுனை டிப்தான் வேண்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊசிமுனை ஒரு புள்ளியில்தான் தொடும், சூடு மெதுவாகத்தான் இறங்கும், ஈயம் உருகட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி, வயர் ஒட்டும் தகடு சாய்ந்துவிடும். 1.6 அல்லது 2.4 மி.மீ. உளிமுனை தட்டையாகப் படியும், இரண்டு மூன்று விநாடியில் வேலை முடிந்துவிடும். பிளாஸ்டிக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் எடுத்துக்கொள்ளும் நேரம்தான்.

சரி, அயர்ன். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 25 வாட் சாதா அயர்ன். விலை குறைவு, கைக்கு லேசு, டிவி, ஆம்ப்ளிஃபயர் பின்னால் செருகும் ஆர்சிஏ பின்னுக்கும் 3.5 ஜாக்குக்கும் போதும். ஆனால் மைக், கிட்டார் கேபிளில் வரும் பெரிய 6.35 மி.மீ. ஜாக்கின் கிரவுண்ட் தகட்டில் வைத்தால் அந்த உலோகம் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் ஒட்டாமல் உருண்டை கட்டும். வெப்பக் கட்டுப்பாடும் கிடையாது, ஸ்டாண்டில் சும்மா கிடந்தாலே டிப் கருத்துப்போகும். வெறும் செம்பு டிப் என்றால் அரம் போட்டுத் தேய்க்கலாம். இரும்புப் பூச்சு உள்ளதில் அரம் பட்டால் டிப் போச்சு.

சூடு செட் பண்ணும் பெட்டியோடு வரும் ஸ்டேஷனில் 900எம் டிப் வகை, டி12 வகை என்று இரண்டு உண்டு. டி12-இல் ஹீட்டரும் சென்சாரும் டிப்புக்குள்ளேயே இருப்பதால் பெரிய தகட்டைத் தொட்டதும் இறங்கும் சூட்டை உடனே ஈடுகட்டிவிடும், ஆனால் ஒவ்வொரு டிப்புக்கும் கூடுதல் காசு. 900எம் கொஞ்சம் மந்தம், டிப் மலிவு, மூன்று வடிவம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு 900எம் போதும். மண்டைக்காடு கோவில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் கேபிள் குவியலோடு உட்காரும் மைக் செட்காரர்கள் டி12 வாங்குவதுதான் நல்லது.

12 முதல் 24 வோல்ட் டிசியில் ஓடும் பேனா மாதிரி அயர்னும் உண்டு, கரண்ட் இல்லாத திருவிழா மைதானத்தில் அதுதான் கைகொடுக்கும். ஒரு விஷயம் கவனிக்கணும்: வோல்ட் பாதியானால் பவர் கால்வாசிதான். 8 ஓம் ஹீட்டர் 24 வோல்ட்டில் 72 வாட் தரும், 12 வோல்ட் பேட்டரியில் 18 வாட்தான் கிடைக்கும்.

எந்த அயர்னாக இருந்தாலும் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) வாங்குங்கள், 183 டிகிரி செல்சியஸில் உருகும். டிப்பை 340, 350-இல் வைத்தால் போதும். எனாமல் பூசிய இயர்போன் வயருக்கு மட்டும் 380 பக்கம் ஏற்ற வேண்டியிருக்கும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் கிடந்த கேபிளில் செம்பு கருத்திருந்தால் எந்த அயர்னாலும் ஒட்டாது, பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிட்டு ஈயம் ஒட்ட உதவும் ரோசின் ஃபிளக்ஸ் தடவுங்கள், ஆசிட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அப்புறம், வயர் வைக்கும்போது ஜாக்கை ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டால் பிளாஸ்டிக் இளகினாலும் பின் நகராது.