வருஷத்துக்கு 1,300 ரூபாய்: எங்கள் பத்திர ஆபீஸ் கூகுள் டிரைவுக்குப் போன கதை

மன்னார்குடியில் ஒரு பத்திர எழுத்தரிடம் 22 வருஷமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஐயா, நான், ஸ்கேனும் வெளிவேலையும் பார்க்கிற தம்பி என்று மூன்று பேர். மூன்று கம்ப்யூட்டர். ஃபைல்களை கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு மாற்ற ஐயா கொடுத்த பட்ஜெட் 5,000 ரூபாய். "அதுக்கு மேல ஒரு ரூவா கேக்கப்படாது" என்றார். ஒரு வருஷம் ஓடிவிட்டது. எங்களைப் போலச் சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

பத்திர ஆபீஸுக்குப் பழைய ஃபைல்தான் சொத்து. 2006ல் கைமாறிய நிலம் 2024ல் திரும்ப வரும். அன்றைக்கு அடித்த செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை எடுத்து, மேற்கே இருந்தவர் காலமாகி மகன் பெயருக்கு வந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். முதலிலிருந்து அடித்தால் நில அளவில் எங்கேயாவது ஒரு மா முப்பது குழி, ஒரு மா பதிமூன்று குழி ஆகிவிடும். அப்புறம் பிழைத்திருத்தல் பத்திரம், எழுதிக் கொடுத்தவரை மறுபடி தேடிப் பிடிக்கிற வேலை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் ஓடு பறந்து இரண்டு கம்ப்யூட்டர் ஊறிப்போனது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்குகள் எப்படியோ பிழைத்தன. அதற்கப்புறம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, வாரத்துக்கு ஒரு நாள் காப்பி எடுத்துக்கொண்டிருந்தோம். போன வருஷம் அது மேஜையிலிருந்து விழுந்து டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்ததும்தான் ஐயாவே கிளவுடு பேச்சை எடுத்தார்.

நடுவில் ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு. "ஒரு தடவை கட்டினால் ஆயுசுக்கும் இடம்" என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில், எங்கள் வீட்டுப் போட்டோக்களுக்காக நான் முன்பு பணம் கட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். ஒன்றே கால் வருஷத்தில் அந்தத் தளமே திறக்கவில்லை. யாருடைய ஆயுசைச் சொன்னார்கள் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். ஆபீஸுக்கு அந்த மாதிரி எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கூகுளில் சும்மா கிடைப்பது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். எங்களிடம் இருந்தது 112 ஜிபி. 100 ஜிபி திட்டத்துக்கு நான் கட்டியது வருஷத்துக்கு 1,300. அடுத்து யோசித்தது 2 டிபி, அதற்கு 6,500. 12 ஜிபிக்காக 5,200 கூடுதலா? நாலு நாள் உட்கார்ந்து களை எடுத்தேன். ஒரே வில்லங்கச் சான்று ஆறு இடத்தில் கிடந்தது. தம்பி மூலப்பத்திரத்தையெல்லாம் 600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்க அளவு) கலரில் ஸ்கேன் செய்து வைத்திருந்தான், ஒரு பக்கமே பல எம்பி. இனிமேல் 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை போதும் என்று சொல்லிவிட்டேன். களை எடுத்து முடித்தபோது 74 ஜிபி.

ஏற்றுவதற்கு ஆறு ராத்திரி ஆனது. எங்கள் பிராட்பேண்டில் அப்லோடு 10 எம்பிபிஎஸ். அது பிட் கணக்கு, எம்பியாக்க எட்டால் வகுக்க வேண்டும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது, நொடிக்கு 1.25 எம்பிதான் போகும். கணக்குப்படி 74 ஜிபிக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம். கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஆறு ராத்திரி.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் போனில் ஒரு 2006 கிரயப் பத்திரத்தைத் திறந்தால் தமிழே இல்லை. எஃப், பி, யு, ஏ, ஜி, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல் அது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. எழுத்துரு இல்லாத போனில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். நான் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவள். பாமினியின் விசைப்பலகை பழைய டைப்ரைட்டர் வரிசை. எஃப், பி, யு, ஏ என்று பார்த்ததும் விரல் தானாக மேஜையில் தட்டியது: கி, ர, ய. அப்படியே ஒரு பக்கம் முழுக்கப் படித்து ஐயாவுக்குச் சொன்னேன். சிரித்தார். "நீ இல்லாத அன்னிக்கு யாரும்மா படிக்கிறது?" என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி. 2015 வரைக்கும் உள்ள ஃபைலெல்லாம் பாமினியும் வானவில் என்ற இன்னொரு பழைய எழுத்துருவும்தான்.

முதலில் என்எச்எம் கன்வர்ட்டர் போட்டு, எந்தப் போனிலும் தமிழாகத் தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றிப் பார்த்தோம். இலவச மென்பொருள், தமிழை நன்றாகவே மாற்றுகிறது. ஆனால் பத்திரத்தில் தமிழுக்கு நடுவே ஆங்கிலமும் இருக்கும். பான் எண்ணில் உள்ள எழுத்துக்களையும் அது தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். அதற்கு வேறு வழியில்லை, இரண்டும் ஒரே குறியீடுதானே. பத்திரத்தில் அந்த விளையாட்டு ஆகாது.

கடைசியில் வழி காட்டியவன் என் அக்கா மகன், டிப்ளமோ படிக்கிறான். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் ஒரு ஃபோல்டர் முழுவதையும் பிடிஎஃப் ஆக்கலாமாம். பழைய எழுத்துரு ஏற்றியிருக்கும் கம்ப்யூட்டரில் செய்தால் எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். எந்தப் போனிலும் தமிழ் தமிழாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தான், ராத்திரிக்குள் எல்லாம் முடிந்தது. நான் கொடுத்த கூலி பிரியாணி. வேர்டு ஃபைலையும் அழிக்கவில்லை. செக்குபந்தி எடுக்க அது வேண்டும்.

தேடுவதுதான் பெரிய வேலை. பழைய எழுத்துருவில் உள்ளதை டிரைவில் தமிழில் அடித்துத் தேடினால் வராது. அதனால் ஃபைல் பெயரை யூனிகோடில் மாற்றினோம்: வருஷம், கிராமம், சர்வே எண், வகை. "2009 வடுவூர் 214-3 பாகப்பிரிவினை" என்கிற மாதிரி. முன்பு என்ன பெயர் தெரியுமா? "புதுசு", "புதுசு2", "ஐயா சொன்னது", "கடைசி", "கடைசி கடைசி". தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் என்று நான்கு மாசம் இதையேதான் செய்தேன். மொத்தத்தில் பணம் போனது கொஞ்சம், என் கண் போனதுதான் அதிகம்.

நாங்கள் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். தம்பி தன் கம்ப்யூட்டரில் இடம் இல்லையென்று டிரைவ் ஃபோல்டரிலிருந்தே 2011, 2012 இரண்டையும் அழித்துவிட்டான். "கிளவுடுல இருக்குல்லக்கா?" என்றான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்டா, இரண்டும் ஒரே பானை என்று அன்றைக்குத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் பிழைத்தோம். நான் கவனித்தது இருபத்தோராம் நாள்.

இன்னொன்று, பத்திரம் எழுத வந்த ஒரு கட்சிக்காரருக்கு டிராப்ட் அனுப்பும்போது "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று வைத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அதில் ஆதார் நகலும் இருந்தது. இப்போது பகிர்வது நான் மட்டும்தான், அதுவும் ஆள் பார்த்து மெயில் முகவரி போட்டு.

இரண்டு கட்டப் பாதுகாப்பு போட்டிருக்கிறோம். ஓடிபி ஐயா போனுக்குப் போகும். அவர் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் நான்கு வரைக்கும் ஆபீஸ் நிற்கும். அதற்காக கூகுள் கொடுக்கிற பத்து பேக்கப் எண்களை அச்சடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். இந்த இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போடாமல் யாரும் ஆபீஸ் கணக்கு ஆரம்பிக்காதீர்கள். கணக்கையும் யாருடைய சொந்த மெயிலிலும் தொடங்காமல் ஆபீஸுக்கென்று புதிதாகத் தொடங்குங்கள்.

பணம் கட்ட மறந்தால் உடனே எதுவும் அழியாது. ஆனால் 15 ஜிபிக்கு மேல் இருக்கும்வரை புதிதாக ஏற்ற முடியாது, மெயிலும் வராது. இரண்டு வருஷம் அப்படியே விட்டால் அவர்கள் அழிக்கலாம் என்று விதி. தினசரி காலண்டரில் புதுப்பிக்கும் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.

மொத்தச் செலவு: திட்டம் 1,300, பிரியாணி 480. மீதி 3,220 ரூபாயோடு கையிலிருந்து கொஞ்சம் போட்டு ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினோம். கொஞ்சத்துக்கு ஐயா முனகினார். கிளவுடு வந்த பிறகு டிஸ்க் எதற்கு என்று கேட்பவர்கள் 2011, 2012 கதையை இன்னொரு தடவை படிக்கவும். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அதில் ஒரு நகல் எடுத்துவிட்டுக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறோம்.

மதிப்பெண் கேட்டால், கூகுள் டிரைவின் 100 ஜிபிக்கு ஐந்தில் நாலரை. அதைக் கையாண்ட எங்களுக்கு இரண்டரை. பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கிற, ஆளுக்கு ஆள் அனுமதி பிரிக்க வேண்டிய ஆபீஸுக்கு இந்த ஒற்றைக் கணக்கு ஏற்பாடு சரிவராது. அவர்கள் கூகுளின் ஆபீஸ் திட்டமான வொர்க்ஸ்பேஸ் மாதிரி ஆளுக்கு மாசக் கட்டணம் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு வகை ஃபைல் மட்டும் இன்னும் மேலே போகவில்லை. உயில். "அதை மட்டும் ஏத்தாதம்மா. எழுதினவர் இருக்கறப்ப அது வெளிய தெரியக்கூடாது" என்றார் ஐயா. ஃபைலைப் பூட்டி வைக்கிற செவன்ஜிப் மென்பொருளில் கடவுச்சொல் போட்டு ஏற்றலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், பென் டிரைவை வாங்கி இடுப்பு பெல்ட்டில் உள்ள பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டார்.