"யாரு அதை வாங்கினா?": சினிமா போலீஸ் மைக்கும் நிஜ மைக்கும்

தமிழ்ப் படத்தில் போலீஸ் அதிகாரி வாக்கி டாக்கியை எடுத்தால் அடுத்து என்ன வரும் என்று நமக்கு மனப்பாடம். "எல்லா செக்போஸ்ட்டையும் அலர்ட் பண்ணுங்க, ஒரு வண்டி தாண்டக் கூடாது." சொன்ன கையோடு அதை சீட்டில் வீசிவிடுவார். அடுத்த காட்சியில் ஊரெங்கும் இரும்புத் தடுப்புகள் நிற்கும்.

என் பெரியப்பா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வயர்லெஸ் என்ற சொல் அவர் வாயில் வராது, 'மைக்' தான். "மைக்ல வந்துச்சு", "மைக்ல சொல்லிட்டேன்." இப்படி ஒரு காட்சியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "சரி, சொல்லிட்டான். யாரு அதை வாங்கினா?"

அதிலிருந்து எந்தப் போலீஸ் படம் பார்த்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் ஓடுகிறது. திரையில் அதிகாரி சொன்னதோடு வேலை முடிந்தது. நிஜத்தில் கேட்டவர் 'கேட்டேன்' என்று சொல்லும்வரை எதுவும் முடியவில்லை. கன்ட்ரோல் ரூம் முதலில் கூப்பிடும், ரோந்து வண்டி பதில் கொடுக்கும், அதற்குப் பிறகுதான் செய்தி. முக்கியமான விவரத்தை வாங்கியவர் திருப்பிச் சொல்லுவார். செய்தியும் நேரமும் தாளில் ஏறும். பெரியப்பா இன்றைக்கும் மளிகைக் கடைக்கு ஃபோன் போட்டால், "எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்பார்.

கருவியும் அப்படித்தான் வேலை வாங்கும். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். ஒரே அலைவரிசையில் பல ஸ்டேஷன்களும் வண்டிகளும் காத்திருக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் இரண்டு பேச்சும் கெடும். அழுத்திய நொடியே பேச ஆரம்பித்தால் முதல் சொல் பாதி விழுந்துவிடும், அரை மூச்சு விட்டுத்தான் தொடங்க வேண்டும். படத்தில் வில்லனும் நாயகனும் வாக்கி டாக்கியில் குறுக்கே குறுக்கே பாய்ந்து வசனம் பேசுகிறார்களே, அதற்கு இந்தக் கருவியில் வழியே இல்லை.

அப்புறம், 'ஓவர் அண்ட் அவுட்'. ஆங்கிலப் படங்களில் பிறந்து நம் படங்களுக்கும் வந்துவிட்ட வசனம். 'ஓவர்' என்றால் நான் முடித்தேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் "பதில் சொல், பதில் சொல்லாதே" என்றாகிறது. 'ரோஜர்' மட்டும் கதாசிரியர்கள் சரியாகப் பிடித்த சொல். 'செய்தி கிடைத்தது' என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து 'ஆர்', பழைய வானொலி எழுத்து முறையில் அதற்குரிய பெயர் ரோஜர்.

வண்டி எண்ணைச் சொல்லும் விதத்தில்தான் உண்மையான வேலை தெரியும். 'பி', 'டி', 'ஈ' மூன்றும் இரைச்சலுக்கு நடுவே ஒன்றுபோலவே காதில் விழும். அதனால்தான் 'ஆல்ஃபா, ப்ராவோ, சார்லி' என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்தார்கள். 1956 முதல் உலகம் முழுக்கப் புழங்கும் முறை இது. திருட்டு வண்டி எண்ணில் ஓர் எழுத்து மாறினால் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தை நடுரோட்டில் நிறுத்தி விசாரிக்க வேண்டிவரும். திரையில் இந்த எண் ஒரே மூச்சில் வந்து போகிறது, எல்லோருக்கும் ஒரே தடவையில் புரிந்தும்விடுகிறது.

ரகசியம் இன்னொரு விஷயம். திரை நாயகன் தன் திட்டம் முழுவதையும் வாக்கி டாக்கியில் கொட்டுவார். மைக் பொதுக் கிணறு மாதிரி, காது வைத்த எல்லோருக்கும் கேட்கும். மேலதிகாரி மைக்கில் கோபப்பட்ட பேச்சு ஆடியோவாக வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நாமே கேட்டிருக்கிறோம். அதனால் தனியாகச் சொல்ல வேண்டியதற்கு செல்ஃபோன்தான். அங்கேயும் கமிஷனரை எதிர்த்து நாயகன் முழங்குவது போன்ற பேச்சு கிடையாது. "சரிங்கய்யா", பெண் அதிகாரி என்றால் "சரிங்கம்மா", அவ்வளவுதான்.

விசாரணைக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சினிமா மீது நிஜமான வருத்தம். தொங்கும் பல்பு, நாலு அடி, குற்றவாளி கதறிக்கொண்டு ஒப்புக்கொள்வான், வழக்கு முடிந்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் அவனுக்கு எதிராகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னதை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 23ஆவது பிரிவும் சொல்கிறது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். முழு ஒப்புதல் வேண்டுமென்றால் அவன் மாஜிஸ்ட்ரேட் முன்னால், தன் விருப்பத்தோடு பேச வேண்டும். கைதட்டல் வாங்கும் அந்த நாலு அடி வழக்குக்கு உதவாதது மட்டுமல்ல, அதுவே ஒரு குற்றம்.

கைதிலும் இதே கதைதான். "யூ ஆர் அண்டர் அரெஸ்ட்" என்று சொல்லி விலங்கு மாட்டினால் திரையில் போதும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிகளை வகுத்தது. அதிகாரியின் பெயர் தெரியும்படி பட்டை இருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும்.

கடைசியாகச் சொன்ன அந்தத் தகவலை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ராத்திரி ஒரு வீட்டில் ஃபோன் அடிக்கும். "உங்க பையன் இந்த ஸ்டேஷன்ல இருக்கான்மா, இந்தக் கேஸ்ல" என்று ஒரு காவலர் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. யாரிடம் சொன்னோம் என்று அந்த ஆளின் பெயரை ஸ்டேஷன் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். பெரியப்பா டிவி முன்னால் கேட்டாரே, "யாரு அதை வாங்கினா?" என்று, அதையேதான் அந்தப் பதிவேடும் கேட்கிறது.