கத்தி தீட்ட எது நல்லது: ஷார்ப்பனரா, கோப்பையா, கல்லா, கடையா?

தக்காளித் தோலில் கத்தி வழுக்கிக்கொண்டு போனால் குற்றம் தக்காளியுடையது அல்ல. எங்கள் வீட்டில் தாய்லாந்து ‘கிவி’ மார்க் கத்தி இரண்டு, கொஞ்சம் கனமான ஜெர்மன் கத்தி ஒன்று, தேங்காய்க்கு ஒரு பாராங், அதாவது தடித்த வெட்டுக்கத்தி. பினாங்கில் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கும். இவற்றைத் தீட்ட நான்கு வழிகளையும் பார்த்துவிட்டேன்.

கடையில் முதலில் கண்ணில் படுவது ஷார்ப்பனர். பள்ளத்துக்குள் இரண்டு கார்பைடு தகடுகள் குறுக்காக நிற்கும். நாலைந்து தடவை இழுத்தால் வெங்காயம் வெட்டத் தொடங்கிவிடலாம். அவசரத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இது தீட்டுவதைவிடச் சுரண்டுவதே அதிகம். இழுத்து முடித்ததும் மேசையைத் துடைத்துப் பாருங்கள், இரும்புத் துகள் துணியில் ஒட்டும். வெட்டுவாய் சின்ன ரம்பம் போல் ஆகிவிடுவதால் தக்காளித் தோலை நன்றாகக் கவ்வும். சீக்கிரமே மழுங்கியும் விடும். பிறகு மறுபடி இழுப்பு, மறுபடி சுரண்டல். கிவி கத்திக்குப் பரவாயில்லை, தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். ஜப்பானியக் கத்தி வைத்திருப்பவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம். அந்த எஃகு கடினமானது. இந்தத் தகடுகளிடம் மாட்டினால் சில்லுச் சில்லாக உதிரும்.

காசே கேட்காத வழி கோப்பை. கோப்பித்தியாமில், அதாவது கோப்பிக் கடையில், கோப்பி ஊற்றித் தருவார்களே, அந்தத் தடித்த பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மினுமினுப்புப் பூச்சு இல்லாமல் சொரசொரவென்று ஒரு வளையம் இருக்கும். சுட்ட பீங்கான், கத்தியின் எஃகைவிடக் கடினம். அதனால் அந்த வளையத்தில் பக்கத்துக்கு ஏழெட்டு முறை சரித்துத் தேய்த்தால் கத்தி உயிர் பெறும். கெம்போங் மீன் கழுவுவதற்கு முன் அம்மா தட்டைக் கவிழ்த்து ‘சர் சர்’ என்று இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் வளையம் குறுகல், கோணம் கைக்கு நிற்காது. லேசாக மங்கிய கத்திக்குத்தான் இது. மொண்ணையாகிப் போனதைக் கோப்பையால் மீட்க முடியாது.

கோப்பையோடு பலர் குழப்பிக்கொள்வது, இறைச்சிக் கடைக்காரர் கத்தியை உரசும் எஃகுக் கோலை. பாசாரில் (சந்தையில்) ஆட்டிறைச்சி வெட்டுகிறவரிடம் ஒருநாள் கேட்டேன்: “அண்ணே, இந்தக் கோல் ஒண்ணு வாங்கினா போதுமா?” அவர் சிரித்தார். “இது தீட்டுறது இல்ல தங்கச்சி, வளைஞ்ச வாயை நிமித்துறது. தீட்டக் கல்லு வேணும்.” அவர் சொன்னது சரி. வழவழப்பான எஃகுக் கோல் புதிதாக வெட்டுவாய் உண்டாக்காது.

எனவே கல்லுக்கு வருவோம். இருபுறக் கல் ஒன்று போதும்: ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 அல்லது 6000. எண் கூடக்கூடக் கல் நைசு. சில்லு விட்ட கத்திக்குத்தான் 400க்குக் கீழே போக வேண்டும். தண்ணீர்க் கல் என்றால் குமிழ் அடங்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், ஊறவையுங்கள். எல்லோரும் பயப்படுவது கோணத்துக்கு. அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கத்தி 45 மில்லிமீட்டர் அகலம் என்றால் முதுகை 15 மில்லிமீட்டர் தூக்குங்கள். கிட்டத்தட்ட 20 பாகை வந்துவிடும். மெல்லிய ஜப்பானியக் கத்திக்கு அகலத்தில் கால் பங்கு போதும், அது ஏறக்குறைய 15 பாகை.

ஒரே பக்கம் தேய்த்துக்கொண்டே வாருங்கள். மறுபக்க ஓரத்தில் விரலை வெளிப்புறமாகத் தடவினால் வெட்டுவாய் நெடுக மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பலர் இதற்குமுன்பே கத்தியைத் திருப்பிவிட்டு, பிறகு கல்லைத் திட்டுவார்கள். நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் திட்டினேன். பிசிறு வந்ததும் மறுபக்கம், அப்புறம் நைசுப் பக்கத்தில் மெல்லிய கையால் அதை எடுத்துவிட வேண்டும். கல்லை வெயிலில் காயவைக்காதீர்கள், வெடிக்கலாம். நம் ஊர் ஈரத்தில் ஈரமாகவே டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள்.

எஸ்டேட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்த தாத்தாவுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. ஆனால் அவர் கத்தி தீட்டாமல் விடிகாலையில் நிரைக்கு, அதாவது தன் மர வரிசைக்கு, போனதில்லை. மழுங்கிய கத்தி பட்டையோடு நிற்காது, உள்மரத்தையும் காயப்படுத்திவிடும். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்.

கடையில் கொடுப்பது கடைசி வழி. சக்கரத்தில் பிடிக்கிறவர் நிதானமானவராக இருந்தால் நல்லதே. என் கிவி கத்தி ஒன்று அப்படிப் போய், நுனியில் நீலம் ஓடித் திரும்பி வந்தது. சூடேறி எஃகு பதம் இழந்ததன் அடையாளம் அது. அதன்பின் அந்த நுனி எத்தனை முறை தீட்டினாலும் நிற்கவில்லை. பாராங் தடித்தது, அந்தச் சூட்டை ஓரளவு தாங்கும். அதனால் பாராங்கை மட்டும் இன்னும் கடையில் கொடுக்கிறேன். பக்கத்தில் நின்று, தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்கிறாரா என்று பார்த்துக்கொள்வேன்.

ஷார்ப்பனரை மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன். அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்களிடம் இருப்பதும் கிவிதான். வாரநாளில் எனக்குக் கோப்பை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலையில், ஜெர்மன் கத்தியோடு கல் முன்னால் அரைமணி நேரம். இதில் ஒன்றையும் செய்ய நேரமில்லாதவர்கள், கண்ணாடி வெட்டுப்பலகையை எடுத்து வைத்துவிட்டுக் கட்டைப் பலகைக்கு மாறினாலே கத்தி இன்னும் நாள் தாங்கும்.