பாடநூல் கையெழுத்துப்படி: பதிப்பாளரிடம் எந்த வடிவில் கொடுப்பது?

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கான தமிழ்ப் பாடநூல்களைக் கல்வி அமைச்சின் பாடத்திட்ட வரைவு மேம்பாட்டுப் பிரிவு உருவாக்குகிறது. வெளியிலிருந்து எழுதும் ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பவை பயிற்சிநூல், இலக்கண வழிகாட்டி, கருத்தறிதல் தொகுப்பு, வயதுவந்தோருக்கான தொடக்கநூல் ஆகியவையே. இவற்றை எழுதுபவர்கள் வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவர்கள் என்பதால் பாடப்பொருளில் அவர்களுக்குத் தயக்கம் இருப்பதில்லை. எழுதி முடித்ததை எந்த வடிவில் பதிப்பாளரிடம் ஒப்படைப்பது என்ற இடத்தில்தான் திணறுகிறார்கள். வேர்ட் கோப்பாகவா, கூகல் டாக்ஸில் கூட்டாக எழுதிய ஆவணமாகவா, இன்டிசைனில் நாமே பக்கம் வடிவமைத்த பிடிஎஃப் ஆகவா, கணித ஆசிரியர்கள் பரிந்துரைக்கும், கட்டளைக் குறிகளோடு எழுதும் லேடெக் முறையிலா என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்து, பாணிகளை, அதாவது தலைப்பு, வினா என ஒவ்வொரு வகை வரிக்கும் பெயரிட்டுத் தரும் வடிவ அமைப்புகளை, ஒழுங்காக இட்டு, அலங்காரம் எதுவும் செய்யாமல் விட்ட வேர்ட் கோப்புதான் தமிழ்ப் பாடநூலுக்கு ஏற்றது. மற்ற மூன்றுக்கும் உரிய இடங்கள் உண்டு. ஆனால் அவை குறுகிய இடங்கள்.

முதலில் இன்டிசைனை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் ஆசிரியர்களை அதிகம் ஈர்ப்பது அதுதான். தொடக்கநிலை மாணவர்களுக்கான நூலில் படமும் எழுத்தும் பின்னிப் பிணைந்து கிடக்கும். எழுதும்போதே பக்கம் கண்முன் வந்து நிற்கும். அப்படிப்பட்ட நூலை வெறும் எழுத்தாக ஒப்படைப்பது பிள்ளையை அலங்கரிக்காமல் விழாவுக்கு அனுப்புவதுபோல் மனத்தை உறுத்தும். சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை ஒன்றுக்கான மரபுத்தொடர்ப் பயிற்சிநூல் ஒன்றை இன்னோர் ஆசிரியரோடு சேர்ந்து எழுதியபோது, 96 பக்கங்களையும் நாங்களே வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கி, ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினோம். நூலின் அளவை மாற்ற விரும்புவதாகவும், எழுத்தை மட்டும் தனியே தரும்படியும் அங்கிருந்து பதில் வந்தது. மூலக்கோப்பு இருந்த கணினி அதற்குள் பழுதாகிவிட்டதால், பிடிஎஃப் கோப்பிலிருந்தே நகலெடுத்து வேர்டில் ஒட்டினோம். ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று வந்தது. ‘தொண்டை’ என்பது ‘ெதாண்ைட’ ஆயிற்று. பிடிஎஃப் கோப்பில் எழுத்து வடிவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கின்றன; ஒருங்குறியிலோ மெய் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால் வரும். கொம்பு கண்ணுக்கு மெய்யின் முன்னால் நிற்பதால், எகர ஏகார ஐகார ஒகர ஓகார உயிர்மெய்கள் அத்தனையும் எங்கள் கோப்பில் சிதறின. மூன்று வாரம் நாங்கள் இருவரும் வேலை முடிந்து வீடு திரும்பியபின் உட்கார்ந்து, சொல் சொல்லாகச் சரிசெய்தோம்.

அந்தப் பதிப்பகம் கேட்டதில் தவறே இல்லை என்று இப்போது உணர்கிறேன். பதிப்பாளருக்குத் தம் தொடர்நூல்களுக்கென்று பக்க அளவு, எழுத்துரு, தலைப்பு அமைப்பு எல்லாம் இருக்கும். அவருடைய வடிவமைப்பாளர் நம் பக்கங்களைக் கலைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதைவிட முக்கியமானது திருத்தம். வடிவமைத்த பக்கத்தில் ஒரு சொற்றொடரை நீட்டினால் அடுத்த பக்கத்தில் ஒரு வினா பிதுங்கும். அதனால் மெய்ப்புத் திருத்துநர் தேவையான திருத்தத்தைக்கூடத் தயங்கித்தான் கேட்பார். மாணவர் கையில் போகும் நூலில் அந்தத் தயக்கம் பெரிய கேடு. இன்டிசைன் தமிழைக் கையாளாது என்று நான் சொல்லவில்லை. 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துமுறைகளை அது ஏற்கிறது. ஆனால் பத்தி அமைப்பியை ‘வேர்ல்டு ரெடி’ என்பதற்கு மாற்றினால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும். நூலைத் தாமே வெளியிடப் போகிறவருக்கு இந்த வழி நியாயமானது. அவ்வாறு வெளியிடுபவர் தேசிய நூலக வாரியத்திடமிருந்து ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணைப் பெறுவதையும், நூல் வெளியான 4 வாரத்துக்குள் 2 படிகளை அங்கே ஒப்படைப்பதையும் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும். பதிப்பாளரிடம் கொடுப்பவர் இன்டிசைனைத் திறக்கவே வேண்டியதில்லை. மனத்தில் இருக்கும் பக்கத்தைப் பென்சிலால் வரைந்து, ஒளிப்படம் எடுத்து, கோப்போடு இணைத்தால் போதும். வடிவமைப்பாளர்கள் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள்.

லேடெக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமன்பாடுகள் நிறைந்த நூலுக்கு அதற்கு இணையில்லை. ஸீடெக், லுவாடெக் என்னும் அதன் வகைகள் வழியாகத் தமிழையும் அது நன்றாகவே அச்சிடும். ஆனால் இங்கே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் மொழிப்பாட நூலே. மேலும், தமிழ்ப் பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர் லேடெக் கோப்பைத் திறந்து பணியாற்றுவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

கூகல் டாக்ஸுக்கும் வேர்டுக்கும் இடையேதான் உண்மையான போட்டி. இருவரோ மூவரோ சேர்ந்து எழுதும்போது கூகல் டாக்ஸ் தரும் வசதியை நான் மனமார மதிக்கிறேன். ஒருவர் உட்லண்ட்ஸிலிருந்தும் இன்னொருவர் தெம்பனிஸிலிருந்தும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘இந்த விடைத்தெரிவு மிகவும் எளிதாக இருக்கிறது’ என்று ஓரத்தில் எழுதி, அப்போதே மாற்றிக்கொள்ளலாம். நேற்றைய வடிவம் வேண்டுமென்றால் வரலாற்றிலிருந்து மீட்கலாம். ‘இறுதி’, ‘இறுதி2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகுவதில்லை. ஆனால் அதில் தலைப்பு நிலைகள், பத்தி என்று ஒரு சில பாணிகள்தான் உள்ளன. நமக்கென்று புதிய பாணிக்குப் பெயரிட்டு உருவாக்க முடியாது. கதைநூலுக்கு இது ஒரு குறையே அல்ல. பாடநூலுக்கு இதுதான் தலையாய குறை, ஏனெனில் பாடநூலின் ஒரு பக்கத்தில் பத்தியைத் தவிர அறிவுரை, வினா, விடைத்தெரிவு, விடை, அருஞ்சொற்பொருள், ஆசிரியர் குறிப்பு என்று பல வகை எழுத்துகள் கலந்து நிற்கும். அவற்றை வடிவமைப்பாளர் பிரித்தறிய வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும்.

வேர்ட் இங்கேதான் முந்துகிறது. ‘வினா’, ‘தெரிவு’, ‘விடை’, ‘குறிப்பு’ என்று நாமே பாணிகளை உருவாக்கி, ஒவ்வொரு வரிக்கும் உரிய பெயரை இட்டுவிட்டால், வடிவமைப்பாளர் அந்தக் கோப்பை இன்டிசைனுக்குள் கொண்டுவரும்போது பெயர்களும் கூடவே வரும். 400 வினாக்களின் தோற்றத்தையும் அவர் ஒரே இடத்தில் மாற்றலாம். இதற்கு நேர்மாறாக, தலைப்பைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கி, அளவைக் கூட்டி, நிறம் கொடுத்து அழகுபடுத்தினால், கண்ணுக்கு அது தலைப்பாகத் தெரியும்; கணினிக்கு அது அளவு பெரிதான இன்னொரு பத்திதான். ஒரே பாணிக்குள் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழுக்கு வேறோர் எழுத்துருவும் குறிக்க வேர்ட் இடமளிப்பதால், இருமொழிச் சொற்பட்டியலும் குழப்பமின்றி அமையும். நான் பின்பற்றுவது இதுதான்: முதல் வரைவைக் கூகல் டாக்ஸில் கூட்டாக எழுதுகிறோம், ஒரு நாளை முடிவுநாளாகக் குறித்து, அன்று வேர்ட் கோப்பாக இறக்குகிறோம், அதன்பின் ஒருவர் மட்டுமே கோப்பை வைத்திருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு யாரும் பழைய ஆவணத்தில் கைவைக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எந்தச் செயலியைத் தேர்ந்தாலும் அடியில் இருக்கும் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை, சரியில்லாவிட்டால் அத்தனையும் வீண். தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தது. அந்தச் சிக்கலைப் பேசித் தீர்க்கவே 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டினார். அவர் இங்கே ஆசிரியர்களுக்குக் கற்பித்தவர், எழுத்தாளரும்கூட. அந்தத் தொடக்கம் இந்த ஊரில் நிகழ்ந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இன்று ஒருங்குறி எல்லா இடத்திலும் வந்துவிட்டபோதிலும், பழைய பயிற்சித்தாள்களைப் பாமினி போன்ற, ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் சேமித்து வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலர். அவற்றை எழுத்துரு மாற்றும் செயலியில் இட்டு ஒருங்குறியாக்கி நூலில் சேர்க்கலாம். ஆனால் மாற்றியதை அப்படியே நம்பக் கூடாது. கண்ணுக்குப் புலப்படாத பிழை ஒன்றைக் காட்டுகிறேன். ‘ஔவை’ என்று ஔகார எழுத்தால் தட்டச்சு செய்வதும், ‘ஒளவை’ என்று ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டுத் தட்டச்சு செய்வதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். ஆத்திசூடி தொடர்பான பாடம் ஒன்றில் நான் ‘ஔவை’ என்று தேடியபோது 11 இடங்கள் கிடைத்தன. ளகரம் இட்டுத் தேடியபோது மேலும் 6 இடங்கள் கிடைத்தன. ஔகாரத்தையே கற்பிக்கும் நூலில் இந்தப் பிழை இருந்தால் மின்னூலில் வாசிப்புச் செயலி ‘ஒளவை’ என்று மூன்று எழுத்தாகவே ஒலிக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் இடுவதும் இதே வகைப் பிழைதான். ஒப்படைக்கும் முன் இவ்விரண்டையும் தேடிப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பயிற்சிநூலுக்கென்று தனியாக ஒரு தேர்வு உண்டு: விடைகளை நூலின் இறுதியில் திரட்டி வைப்பதா, ஒவ்வொரு வினாவுக்கும் கீழேயே வைப்பதா என்பது. அச்சில் விடைகள் இறுதியில்தான் வரும். ஆனால் கையெழுத்துப்படியில் வினாவின் கீழேயே ‘விடை’ என்ற பாணியில் அவை நிற்பதே பாதுகாப்பு. பத்தியின் இடைவெளிகளை நிரப்பும் முன்னுணர்வுக் கருத்தறிதல் பகுதியின் நடுவில் ஒரு வினாவை நீக்கினால், இறுதியில் திரட்டி வைத்த விடைப்பட்டியலில் அதன்பின் வரும் எண்கள் எல்லாம் ஒன்று நகர்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் அச்சேறிய நூலை வைத்துக்கொண்டு வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், சரியான விடையைத் தவறென்று அடித்துவிடுவார்கள். விடை வினாவோடு சேர்ந்தே நகர்ந்தால் இந்த ஆபத்து இல்லை. எல்லாம் உறுதியானபின் பாணியின் பெயரை வைத்து வடிவமைப்பாளர் அவற்றைப் பிரித்தெடுத்து இறுதியில் அடுக்கிக்கொள்வார்.

படங்களிலும் இரண்டு வழிகள் உள்ளன. கோப்புக்குள்ளேயே ஒட்டுவது எழுதுபவருக்கு எளிது. ஆனால் வேர்ட் சேமிக்கும்போது படத்தைச் சுருக்கிவிடும், வழக்கமான அமைப்பில் அங்குலத்துக்கு 220 புள்ளி வரை. அச்சுக்கு 300 வேண்டும் என்பதால், 12 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சாகும் படம் ஏறத்தாழ 1,420 புள்ளி அகலம் கொண்டிருக்க வேண்டும். ஆகவே படங்களைத் தனிக் கோப்புறையில் எண்ணிட்டு வைத்து, கோப்பில் ‘படம் 3.2 இங்கே’ என்று மட்டும் எழுதுவதே மேல்.

முழு நூலையும் எழுதிவிட்டு அனுப்புவதா, திட்டக்குறிப்போடு இரண்டு மாதிரிப் பாடங்களை அனுப்புவதா என்ற கேள்விக்கு, இரண்டாவதையே நான் சொல்வேன். பாடத்திட்டம் மாறினால் முழு நூலும் பழையதாகிவிடும். மாதிரியைப் பார்த்துப் பதிப்பாளர் சொல்லும் ஒரு மாற்றம் பத்துப் பாடங்களை மீண்டும் எழுதும் உழைப்பை மிச்சப்படுத்தும். மாதிரிக்கு முதல் பாடத்தை எடுக்காமல், படம், அட்டவணை, செய்யுள், எல்லா வகை வினாக்கள் என அனைத்தும் கலந்த கடினமான பாடத்தை எடுக்க வேண்டும். ஒருவர் மட்டுமே எழுதும் சிறு இலக்கண வழிகாட்டியானால் முழுதாக எழுதி அனுப்புவதில் தவறில்லை.

பிறர் எழுதிய பாடலையோ கதைப்பகுதியையோ சேர்த்திருந்தால் அனுமதிக் கடிதங்களையும் உடன் வைக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுத்துப் படைப்பின் காப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை நீடிக்கிறது. 1921இல் மறைந்த பாரதியின் பாடலுக்குக் கடிதம் தேவையில்லை. இன்று எழுதிக்கொண்டிருக்கும் உள்ளூர்க் கவிஞரின் நான்கு வரிக்குத் தேவை. வகுப்பறையில் நகலெடுத்துக் கொடுக்கப் பள்ளிகளுக்கு இருக்கும் சலுகை, விற்பனைக்கு வரும் நூலுக்குப் பொருந்தாது.

இவற்றோடு இரண்டு பக்கத்தில் ஓர் எழுத்துநடைத் தாளையும் சேர்த்து அனுப்புகிறேன். வட்டாரப் பெயரை ‘ஈசூன்’ என்றே எழுதியிருக்கிறோம், ‘யீஷூன்’ என்று மாற்ற வேண்டாம். ‘பெருவிரைவு ரயில்’ என்பதே நூல் முழுவதும். ‘படித்துக்கொண்டிருந்தான்’ ஒரே சொல். தொடக்கநிலை நூலில் வரியின் இறுதியில் சொல்லை உடைக்க வேண்டாம் என்பதுபோல் எங்கள் முடிவுகள் அதில் இருக்கும். பதிப்பாளருக்கு வேறு நடை இருந்தால் அந்தத் தாளிலேயே குறித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். போன முறை அவர்கள் அதில் 7 இடங்களைத் திருத்தி அனுப்பினார்கள். அந்த ஏழு திருத்தங்களையும் கோப்பு முழுவதும் மாற்ற எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.