நபார்டு வழியா, ஐ.நா. வழியா? கடலோரத்துக்குப் பணம் வரும் இரண்டு பாதைகள்

காலநிலை நிதி, அதாவது காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கக் கொடுக்கும் பணம் என்றாலே எத்தனை கோடி என்றுதான் முதலில் கேட்கிறோம். யார் கை வழியாக வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஆந்திரக் கடலோரத்துக்கு வந்த இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது நன்றாகவே தெரியும்.

முதலாவது, கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் உருவான தகவமைப்பு நிதியம், மாறும் காலநிலைக்கு ஏற்ப மக்கள் தங்களைத் தகவமைத்துக்கொள்ள வளரும் நாடுகளுக்கு உதவுவது. நடுவில் ஐ.நா. அமைப்பு எதுவும் இல்லாமல் ஒரு நாட்டின் சொந்த நிறுவனமே நேரடியாகப் பணம் வாங்கலாம் என்ற வழியைத் திறந்துவிட்டது இதுதான். 2010-ல் செனகல் நாட்டு அமைப்பு ஒன்று முதலில் அந்த அங்கீகாரத்தைப் பெற்றது, இந்தியாவில் 2012-ல் நபார்டு, அதாவது தேசிய வேளாண் மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி, அதைப் பெற்றது. அந்த நபார்டு வழியாக 2014-ல் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டக் கடலோரத்துக்குச் சுமார் 6.9 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. களத்தில் இறங்கியது சென்னையின் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த நிறுவனத்துக்கு அலையாத்திக் காடு புதிதல்ல. பிச்சாவரத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் உள்வாங்கித் தட்டு மாதிரி குழிந்துபோனது. ஏறிவந்த கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, புதுக் கன்று எதுவும் பிழைக்கவில்லை. நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள் என மீன் முள் வடிவத்தில் வெட்டி, ஏற்றவற்றத்தில் தண்ணீர் வந்து போக வழி செய்த பிறகுதான் கன்றுகள் நின்றன. அந்த அனுபவம் பின்னர் ஆந்திரக் கழிமுகங்களுக்கும் போனது. கிருஷ்ணா திட்டத்தில் குளத்துக் கரையில் அலையாத்தி, உள்ளே மீன் வளர்ப்பு என்று இரண்டையும் சேர்த்தார்கள். காட்டை அழித்து இறால் பண்ணை போட்ட கடலோரத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது பாதை தென்கொரியாவின் சோங்டோவில் இருக்கும் பசுமைக் காலநிலை நிதியம், இதுவும் வளரும் நாடுகளுக்கு உதவும் சர்வதேச நிதியம்தான். 2018-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் (யு.என்.டி.பி.) என்ற ஐ.நா. அமைப்பு வழியாக ஆந்திரா, மகாராஷ்டிரா, ஒடிசா கடலோரங்களுக்கு 4.34 கோடி டாலர் மானியம், அரசுகளின் பங்கையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 13 கோடி டாலர். மானியத்தை மட்டும் எடுத்தாலே முதல் திட்டத்தைப் போல அறுபது மடங்குக்கு மேல். மூன்று மாநிலம், அலையாத்தி, பவளப்பாறை, கடற்புல், மீனவர் வாழ்வாதாரம் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் கட்டி இழுப்பது தனி ஒரு தொண்டு நிறுவனத்தால் ஆகிற காரியமில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நிதியம், ஐ.நா. அமைப்பு, ஒன்றிய அமைச்சகம், மாநில வனத்துறை என்று ஒவ்வொரு படியாக இறங்கித்தான் பணம் ஊருக்கு வருகிறது. வாய்க்காலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்த ஊர் மீனவருக்குத் தெரிந்திருக்கும், முடிவெடுக்கும் மேசையோ அவரிடமிருந்து நான்கு படி மேலே.

சரி, அப்போ நேரடிப் பாதையில் குறையே இல்லையா? இருக்கிறது. அங்கீகாரம் வாங்குவது லேசில்லை, கணக்கு, தணிக்கை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும், சின்ன அமைப்புகளுக்கு அது மலை ஏறுகிற மாதிரி. அதோடு தகவமைப்பு நிதியம் ஒரு நாட்டுக்கு மொத்தமே 1 கோடி டாலர் என்று நீண்ட காலம் வரம்பு வைத்திருந்தது (2021-ல் அது 2 கோடியானது). குட்டித் தீவு நாட்டுக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு.

உள்நாட்டு அமைப்பால் பெரிய பணத்தைக் கையாள முடியாது என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2015-ல் நபார்டு பசுமைக் காலநிலை நிதியத்திலும் அங்கீகாரம் வாங்கியது. 2017-ல் ஒடிசாவில் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு சுமார் 3.4 கோடி டாலர் அதன் வழியாகவே ஒப்புதலானது, ஏரி குளங்களில் நிலத்தடிக்கு நீர் இறக்கும் குழாய்கள், சூரிய சக்தி பம்புகள் என்று. ஒரு மாநிலத்துக்குள் அடங்கும் வேலை, அதைத் தெரிந்த உள்ளூர் நிறுவனம் இருக்கிறது என்றால் என் ஓட்டு நபார்டு பாதைக்குத்தான். பல மாநிலக் கடலோரத்தைச் சேர்த்து எடுக்கும்போது ஐ.நா. வழி வரட்டும், ஆனால் ஊர்க்குழுவின் கையெழுத்து இல்லாமல் ஒரு வாய்க்காலும் வெட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.